வாசகர் கேள்வி – பதில்: டாக்ல கப்பல் வெடிச்ச நாளும், வீடு வாங்க அனுப்புற பணமும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல மும்பையிலருந்துதான். ஏப்ரல் நெருங்குறதால, பம்பாய் துறைமுகத்து டாக்ல (கப்பல் நின்னு சரக்கு ஏத்தி எறக்கற இடம்) கப்பல் வெடிச்சதைப் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. இன்னொரு பக்கம் வீடு வாங்க பணம் அனுப்பப் போறவங்க, அனுப்பி ஏமாந்தவங்க. ரெண்டையும் சேர்த்தே போடுறேன், பணம் பத்தின கேள்விகளை அடுத்த இதழ் வரைக்கும் தள்ளிப்போட மனசு வரலை.

கேள்வி: எங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துலருந்து வந்து டாக்ல மூட்டை தூக்கினவர். யாருக்கு எப்ப கல்யாணம், எப்ப குழந்தை பொறந்துச்சுன்னு கேட்டா "கப்பல் வெடிச்சதுக்கு முந்தின வருஷம், அடுத்த வருஷம்"னுதான் கணக்கு சொல்லுவார். அது என்ன கப்பல்? – வாசகர், தாராவி

பதில்: தாத்தா சொன்னது 1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை நடந்தது. கப்பல் பேரு ஃபோர்ட் ஸ்டிக்கீன், 1942ல கனடாவுல கட்டினது. ரெண்டாம் உலகப்போர் நடந்துட்டிருந்த நேரம். பிப்ரவரி 24ந்தேதி இங்கிலாந்துல பர்க்கன்ஹெட்லருந்து கெளம்பி, கராச்சியில கொஞ்சம் சரக்கை எறக்கிட்டு, ஏப்ரல் 12 பம்பாய் வந்து விக்டோரியா டாக்ல நின்னுச்சு. உள்ள கிட்டத்தட்ட 1,400 டன் வெடிபொருள், டார்ப்பிடோ, கண்ணிவெடி, ஷெல்லு எல்லாம், கூடவே பெட்டியில கட்டி வச்ச ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள். கராச்சியில காலியான இடத்துல 8,700 பஞ்சுப் பொதி, லூப்ரிகேட்டிங் ஆயில் பீப்பா, கந்தகம், மரம்னு ஏத்திட்டாங்க. கேப்டன் ஆட்சேபம் சொல்லியிருக்காரு, ஆனா போர்க்காலம், கப்பலுக்கு தட்டுப்பாடு, ஒரு அடி இடம்கூட சும்மா போகக்கூடாதுன்னு அவர் பேச்சு எடுபடலை. பஞ்சும் வெடிமருந்தும் ஒரே அறைக்குள்ள கெடந்துச்சு, ரெண்டாம் நம்பர் ஹோல்டுன்னு சொல்ற அந்த அறையிலதான் நெருப்பு பத்துச்சு.

மதியம் ரெண்டு மணி வாக்குல கப்பல்காரங்களுக்கு தெரிஞ்சுது. யாரோ பிடிச்ச சிகரெட் பஞ்சுல விழுந்திருக்கும்னுதான் பரவலா நம்புறாங்க. ஃபயர் என்ஜின் வந்துச்சு, சுமார் 900 டன் தண்ணிய உள்ள அடிச்சாங்க, அப்பவும் அடங்கலை. இந்த இடத்தை கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. தண்ணி ஏற ஏற, எரியற பஞ்சுப் பொதி அது மேல மிதந்துகிட்டே மேல வருது, மேல இருக்கறது வெடிமருந்து, அணைக்க ஊத்தின தண்ணியே நெருப்பை அதுகிட்ட தூக்கிட்டுப் போகுது. கப்பல் முழுக்க சூடு ஏறி உள்ள தண்ணி கொதிச்சுது. வெடிபொருள் இருக்குன்னு காட்டுற சிவப்புக் கொடி அன்னிக்கு அந்தக் கப்பல்ல ஏத்தலை, அதனால பக்கத்துக் கப்பல்ல, கரையில இருந்த கூலி ஆட்களுக்கு தாங்க எதுக்குப் பக்கத்துல நிக்கிறோம்னே தெரியாது, புகையைப் பார்த்துட்டு அவங்கவங்க வேலையைப் பார்த்துட்டு இருந்தாங்க.

கப்பலை வெளிய இழுத்துட்டுப் போறதா, அங்கயே மூழ்கடிச்சிடறதா, இல்ல நெருப்போட போராடறதான்னு முடிவு எடுக்கறதுலயே ரெண்டு மணி நேரம் போச்சு. அதிகாரிங்க இல்லாம இல்ல, கரையில ஏகப்பட்ட பேர் நின்னாங்க, இதைத்தான் செய்யணும்னு உத்தரவு போட ஒரு ஆள் இல்லாமப் போயிட்டாங்க. 3:50க்கு எல்லாரும் எறங்குங்கன்னு சொன்னாங்க. 4:06க்கு முதல் வெடி, கப்பல் ரெண்டா பொளந்துச்சு. 12 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஒடஞ்சுது. அரை மணி நேரம்கூட ஆகலை, அதைவிட பெருசா ரெண்டாவது வெடி. 1,700 கிலோமீட்டர் தள்ளி சிம்லாவுல இருந்த நில அதிர்ச்சிக் கருவியில அது பதிவாச்சு. ஜலபத்மான்னு பக்கத்துல நின்ன 4,000 டன் கப்பலோட பின்பக்கத்தை தூக்கி கரையில இருந்த ஷெட்டு மேலயே வச்சிடுச்சு. எரியற பஞ்சு மழையா ஊருக்குள்ள விழுந்து குடோன், குடிசைன்னு எல்லாம் பத்திகிச்சு. நெருப்பைக் கட்டுக்குள்ள கொண்டுவரவே மூணு நாள் ஆச்சு, இடிபாட்டை அள்ள 8,000 பேர் ஏழு மாசம் வேலை பார்த்தாங்க. 50,000 டன்னுக்கு மேல தானியம் நாசம், அதுவும் வங்காளத்துல பஞ்சத்துல ஜனங்க செத்துட்டிருந்த காலத்துல.

செத்தவங்க எண்ணிக்கையை 800லருந்து 1,300 வரைக்கும் சொல்றாங்க. இவ்வளவு வித்தியாசம் ஏன்னு நீங்க கேட்கலாம், உங்க தாத்தா மாதிரி அன்னாடம் கூலிக்குப் போனவங்க பேரெல்லாம் எந்த ரிஜிஸ்டர்ல இருந்திருக்கும்? அதனாலதான் உங்க வீட்டுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தாத்தா யார்யார் பேரைச் சொன்னார், எந்த ஊர்க்காரங்க, எந்த டாக்ல வேலை பார்த்தாங்கன்னு உங்க அப்பா, அத்தை எல்லாரையும் உக்கார வச்சு கேட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க, போன்ல ரெக்கார்டும் பண்ணுங்க. கேப்டன் பேரு புத்தகத்துல இருக்கு, மூட்டை தூக்கினவங்க பேரு உங்க வீட்டுலதான் இருக்கு.

கேள்வி: வானத்துலருந்து தங்கம் விழுந்துச்சுன்னு பாட்டி சொல்வாங்க, நெஜமா? – பிளஸ் டூ மாணவி, சயான் கோலிவாடா

பதில்: நெஜம்தாம்மா. 31 பெட்டி, பெட்டிக்கு 4 வீதம் 124 தங்கக் கட்டி அந்தக் கப்பல்ல இருந்துச்சு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட பன்னெண்டரை கிலோ. வெடிச்சப்ப ஒரு கட்டி சுமார் ஒரு மைல் தள்ளி ஒரு பார்சிக்காரர் வீட்டுக் கூரையைப் பொத்துகிட்டு உள்ள விழுந்துச்சு, அவர் அதை அப்படியே அதிகாரிங்ககிட்ட ஒப்படைச்சிட்டாரு. டாக்ல தூர் வாரும்போது பல வருஷம் கழிச்சுக்கூட கட்டிங்க கெடச்சிருக்கு.

கேள்வி: இவ்வளவு பெரிய சம்பவம், ஆனா ஸ்கூல் புத்தகத்துல ஒரு வரி இல்ல. மறைச்சிட்டாங்களா? அஞ்சலி செலுத்த ஏதாவது இடம் இருக்கா? – வாசகர், முலுண்ட்

பதில்: அப்ப மறைக்கத்தான் செஞ்சாங்க. போர்க்கால சென்சார், துறைமுகம் முடங்கிப்போச்சுன்னு எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு பார்த்தாங்க. ஆனா ஜப்பான்காரங்க கையில இருந்த சைகோன் ரேடியோ மறுநாளே விவரமா சொல்லிடுச்சு, நம்ம ஊர் பத்திரிகைக்கு மே மாசம்தான் அனுமதி கெடச்சுது. சொத்து இழந்தவங்களுக்கு ஈடு கொடுக்க அந்த வருஷமே தனியா ஒரு அவசரச் சட்டம் போட்டாங்க.

அன்னிக்கு பம்பாய் தீயணைப்புப் படையில 66 பேர் செத்தாங்க. நெருப்பை விட்டு ஓடினவங்க இல்ல, குழாயைப் பிடிச்சுகிட்டு அது பக்கத்துல நின்னவங்க. அவங்க நினைவாத்தான் ஏப்ரல் 14 நாடு முழுக்க தீயணைப்பு சேவை தினம், நம்ம ஊர்ல தீத்தொண்டு வாரம்னு ஒரு வாரம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு போய் ஒத்திகை காட்டுவாங்களே, அதோட தொடக்கம் இதுதான். பைகுல்லா தீயணைப்புத் தலைமையகத்துல நினைவுத் தூண் இருக்கு, வருஷா வருஷம் அங்க மரியாதை செலுத்துறாங்க. அன்னிக்கு நமக்கு சித்திரை ஒண்ணு, அம்பேத்கர் ஜெயந்தியும்கூட, லீவுதான். கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழியில குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்.

கேள்வி: டோம்பிவிலியில கட்டிட்டிருக்குற ஒரு பில்டிங்ல ஃப்ளாட் புக் பண்ணியிருக்கோம். எட்டாவது ஸ்லாப் முடிஞ்சிடுச்சு, இந்தத் தவணையை மட்டும் வேற அக்கவுண்டுக்கு அனுப்புங்க, பழைய அக்கவுண்ட் ஆடிட்ல இருக்குன்னு பில்டர்கிட்டருந்து மெயில் வந்திருக்கு. லெட்டர்ஹெட், ஃப்ளாட் நம்பர், தொகை எல்லாம் கரெக்டா இருக்கு. மாசக் கடைசிக்குள்ள கட்டலைன்னா வட்டி விழும்னு போட்டிருக்காங்க. அனுப்பலாமா? – தம்பதி, டோம்பிவிலி

பதில்: அனுப்பாதீங்க. இந்தப் பதில் அச்சாகி உங்க கைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு உங்களுக்கு தனியாவும் சொல்லியாச்சு, ஆனா இதே மெயில் வேற யாருக்காவது வந்திருக்கலாம், அதனால விவரமா எழுதறேன்.

தொகையும் ஃப்ளாட் நம்பரும் கரெக்டா இருக்குறதை வச்சு நம்பக் கூடாது. திருடன் பில்டர் ஆபீஸ் மெயிலுக்குள்ளயோ, ப்ரோக்கர் மெயிலுக்குள்ளயோ, உங்க மெயிலுக்குள்ளயோகூட பாஸ்வேர்டை எடுத்து ஏற்கனவே நுழைஞ்சிருப்பான். நுழைஞ்சதும் எதையும் செய்ய மாட்டான், வாரக்கணக்குல படிச்சுகிட்டே இருப்பான், எந்த ஸ்லாப் எப்ப முடியுது, எவ்வளவு வரணும், யார் எப்படி எழுதுறாங்க, கடைசியில "வித் ரிகார்ட்ஸ்" போடுறாங்களா இல்லையான்னு வரைக்கும் பார்த்து வச்சுகிட்டு, சரியா நீங்க பணம் அனுப்பப் போற வாரத்துல ஒரே ஒரு மெயில் போடுவான். அதுல மாறியிருக்கறது அக்கவுண்ட் நம்பர் மட்டும்தான்.

அனுப்பின மெயில் ஐடியை எழுத்து எழுத்தாப் பாருங்க. ஆங்கிலத்துல சின்ன எம் (m) எழுத்துக்குப் பதிலா ஆர் (r), என் (n) ரெண்டு எழுத்தையும் ஒட்டிப் போட்டிருப்பாங்க, போன் ஸ்க்ரீன்ல வித்தியாசமே தெரியாது. சில சமயம் ஐடி நெஜமாவே பில்டரோடதா இருக்கும், அந்த மெயில் பாக்ஸே திருடன் கையில இருக்கும். அப்ப நீங்க "இது உங்க அக்கவுண்ட்தானா?"ன்னு பதில் மெயில் போட்டா, "ஆமா, எங்களுதுதான்"னு அவனே பதில் போடுவான். அதனால மெயில்ல கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது. அந்த மெயில்ல இருக்குற போன் நம்பருக்கும் கூப்பிடாதீங்க, அதுவும் அவனோடது. உங்க அக்ரிமென்ட்ல இருக்குற நம்பருக்கு கூப்பிடுங்க, அதைவிட நல்லது சைட் ஆபீஸுக்கே நேர்ல போயி, அக்கவுண்ட்ஸ் பாக்குறவர் முன்னாடி உக்காந்து அக்கவுண்ட் நம்பரை வாய்விட்டு படிக்கச் சொல்லுங்க. டோம்பிவிலிக்குள்ளதானே, ஒரு ஆட்டோ தூரம்.

உங்க பக்கம் சட்டமும் நிக்குது. 2024 ஜூலை 1லருந்து மகாரேரா (மகாராஷ்டிராவுல ரியல் எஸ்டேட்டைக் கண்காணிக்கிற அரசு ஆணையம்) விதிப்படி ஒரு ப்ராஜெக்டுக்கு வாங்குறவங்ககிட்டருந்து பணம் வாங்க ஒரே ஒரு கலெக்ஷன் அக்கவுண்ட்தான், அந்த நம்பர் அலாட்மென்ட் லெட்டர்லயும் அக்ரிமென்ட்லயும் இருக்கணும். அதனால "இந்தத் தடவை மட்டும் வேற அக்கவுண்ட்"னு ஒரு மெயில் வந்தாலே, அது திருடனா இருக்கலாம், இல்ல பில்டரே விதியை மீறுறார், ரெண்டுல எதுவா இருந்தாலும் பணம் போகக் கூடாது. வட்டி போடுவேன்னு மிரட்டினாக்கூட, அக்ரிமென்ட்ல இருக்குற அக்கவுண்டுல நேரத்துக்கு கட்டிட்டா வட்டி கேக்க அவங்களுக்கு வழியில்ல. ஹோம் லோன் பங்கை பேங்கே நேரா பில்டருக்கு அனுப்பிடும், ஆபத்து இருக்கறது உங்க கையிலருந்து போற பங்குலதான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியறதில்ல. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட்ல பணம் போய்ச் சேர்றது அக்கவுண்ட் நம்பரை வச்சுத்தான். பேர்ல பில்டர் கம்பெனி பேரை நீங்க எவ்வளவு அழகா எழுதினாலும் நம்பர் யாரோடதோ அங்கதான் போகும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் ரிசர்வ் பேங்க், 2025 ஏப்ரல் 1க்குள்ள எல்லா பேங்கும் பணம் அனுப்புறதுக்கு முன்னாடி அந்த அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குன்னு காட்டணும்னு சொல்லுச்சு. நெட் பேங்கிங்ல பெனிஃபிஷியரி சேர்க்கும்போது அந்தப் பேரு வரும், ஓகே ஓகேன்னு அமுக்கிட்டுப் போகாம நிதானமா படிங்க. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு பேர்ல கம்பெனி ஆரம்பிச்சு அக்கவுண்ட் திறக்கறதும் நடக்கும், அதனால பேரு ஒத்துப்போனாலும் நேர்ல கேட்கறதை விடாதீங்க.

கேள்வி: என் தோழி ரீசேல் ஃப்ளாட்டுக்கு அனுப்பின பணம் தப்பான அக்கவுண்டுக்குப் போயிடுச்சு. வெக்கப்பட்டுகிட்டு வீட்டுலகூட சொல்லாம நாலு நாள் இருந்துட்டா. அவளுக்கு வழி இருக்கா? – வாசகி, நவி மும்பை

பதில்: இருக்கு, ஆனா இன்னிக்கே ஆரம்பிக்கணும். முதல்ல தோழிகிட்ட நான் சொன்னதா இதைச் சொல்லுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. பெரிய பெரிய கம்பெனியோட அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டே இதே மாதிரி மெயிலுக்கு பணம் அனுப்பி ஏமாந்திருக்கு.

1930ன்னு ஒரு நம்பர், சைபர் பண மோசடிப் புகாருக்கான ஹெல்ப்லைன், இந்தியா முழுக்க ஒண்ணுதான். பணம் போனது தெரிஞ்ச நிமிஷமே கூப்பிடணும், பேங்க் திறக்கட்டும், அண்ணன் வரட்டும், வக்கீலைக் கேட்கலாம்னு உக்காரக் கூடாது. டிரான்சாக்ஷன் நம்பர், தொகை, தேதி, எந்த அக்கவுண்டுக்குப் போச்சுன்னு சொன்னா அவங்க அந்த பேங்குக்கு தகவல் அனுப்புவாங்க, பணம் அங்க இன்னும் இருந்தா எடுக்க முடியாதபடி முடக்குவாங்க. சைபர்க்ரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்துல புகாரும் பதிவு பண்ணணும். அதே நேரத்துல தன்னோட பேங்க் ஃப்ராட் லைனுக்கும் கூப்பிட்டு, எழுத்துலயும் கொடுத்து, புகார் நம்பர் வாங்கி வச்சுக்கணும். இவ்வளவு அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க, திருடன் அந்த அக்கவுண்டுல பணத்தை வச்சிருக்க மாட்டான். வந்த கொஞ்ச நேரத்துலயே பத்து இருபது அக்கவுண்டுக்குப் பிரிச்சு அனுப்பி ஏடிஎம்ல எடுத்துடுவான். டாக்ல ரெண்டு மணிலருந்து நாலு மணி வரைக்கும் என்ன ஆச்சுன்னு மேல எழுதியிருக்கேன், அங்க உத்தரவு போட ஆள் இல்ல, இங்க அந்த உத்தரவைப் போட வேண்டியது பணம் இழந்தவங்களேதான், ஒரு போன் போதும்.

நாலு நாள் ஆனாலும் புகார் கொடுக்கச் சொல்லுங்க, கடைசியாப் போன அக்கவுண்டுல கொஞ்சமாவது மாட்டியிருக்கலாம். முடக்கின பணத்தைத் திரும்ப வாங்க பெரும்பாலும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட் உத்தரவு தேவைப்படும், அதுக்கு எல்லா பேப்பரும் வேணும், அந்த மெயிலை டெலீட் பண்ணவே கூடாது. ஒண்ணை மட்டும் ஒளிக்காம சொல்லிடறேன், அக்கவுண்டுலருந்து நமக்குத் தெரியாம பணம் போனா மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா பேங்க் பொறுப்புன்னு 2017 ரிசர்வ் பேங்க் விதி இருக்கே, அது நாமளே ஓடிபி போட்டு அனுப்பின பணத்துக்கு கைகொடுக்கறது கஷ்டம். அதனாலதான் 1930ஐ இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கேள்வி: இதுக்கெல்லாம் பேசாம ரொக்கமாவே கொடுத்துட்டா என்ன? – வாசகர், அந்தேரி

பதில்: வேணாம் சார். வீடு, நிலம் விஷயத்துல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ அட்வான்ஸை ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே விக்கிறவருக்கு அபராதம் வரும். உங்களுக்கும் கைல கொடுத்ததுக்கு சாட்சி இருக்காது. ரொக்கம் கேட்டு நெருக்குற ஆள்கிட்ட வீடு வாங்கறதைப் பத்தியே மறுபடி யோசிங்க.

கேள்வி: செம்பூர்ல ரீசேல் ஃப்ளாட் வாங்கப் போறேன், நான் தனியா இருக்குற ரிட்டயர்டு டீச்சர். டோக்கனை தன்னோட அக்கவுண்டுக்கு போடச் சொல்றார் ப்ரோக்கர், ஓனர் வெளிநாட்டுல இருக்காராம். – வாசகி, செம்பூர்

பதில்: அம்மா, டோக்கன் ஒரு லட்சமா இருந்தாலும் அஞ்சு லட்சமா இருந்தாலும் அது ஓனர் பேர்ல இருக்குற அக்கவுண்டுக்குத்தான் போகணும், ப்ரோக்கர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி. ப்ரோக்கருக்கு அவர் கமிஷன் மட்டும், அதுவும் ரசீதோட. சொசைட்டி ஆபீஸுக்குப் போயி ஷேர் சர்டிஃபிகேட் யார் பேர்ல இருக்குன்னு செக்ரட்டரிகிட்ட கேளுங்க, இண்டெக்ஸ் டூ (பதிவான பத்திரத்தோட சுருக்கம்) எடுத்துப் பாருங்க, பான் கார்டுல இருக்குற பேரு, அக்கவுண்டுல இருக்குற பேரு, இண்டெக்ஸ் டூல இருக்குற பேரு மூணும் ஒண்ணா இருக்கணும். ஓனரோட வீடியோ கால்ல பேசுங்க, பேசும்போது சொசைட்டி செக்ரட்டரி பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது, அவருக்கு ஓனர் மூஞ்சி தெரியும்.

ஓனர் என்ஆர்ஐன்னா வரிப் பிடித்தமும் வேற கணக்கு. இங்க இருக்கறவர்கிட்ட வாங்கினா 50 லட்சம், அதுக்கு மேல இருந்தா 1 சதவீதம் பிடிச்சுக் கட்டினா போதும், என்ஆர்ஐகிட்ட வாங்கினா அதைவிட ரொம்ப அதிகமா பிடிக்கணும், பிடிக்கலைன்னா பின்னாடி நோட்டீஸ் வர்றது உங்களுக்கு. இதுக்கு ஒரு ஆடிட்டருக்கு கொடுக்கற ஃபீஸை செலவா நினைக்காதீங்க. பெரிய தொகையை முடிஞ்ச வரைக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு பே ஆர்டரா, ஓனர் பேர் போட்டு, கைல கொடுங்க. அதுல இடையில பூந்து அக்கவுண்ட் நம்பரை மாத்த எவனுக்கும் வழியில்ல. ஸ்டாம்ப் டியூட்டியையும் ஏஜென்ட் அனுப்புற லிங்க்ல கட்டாதீங்க, மகாராஷ்டிர அரசோட கிராஸ் தளத்துல நீங்களே கட்டலாம், கட்டின சலான் நம்பரை அங்கயே சரிபார்க்கவும் முடியும்.

கேள்வி: அண்ணன் துபாய்ல இருக்காங்க. அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு இடம் வாங்க பணம் அனுப்பப் போறாங்க. விக்கிறவர் அக்கவுண்ட் நம்பரை நான் வாட்ஸப்ல அனுப்பினா போதுமா? – வாசகர், தாணே

பதில்: வாட்ஸப்ல அனுப்புங்க, ஆனா அதோட விட்டுடாதீங்க. அண்ணன்கிட்ட இப்பவே சொல்லி வைங்க, என் நம்பர்லருந்து எந்த அக்கவுண்ட் நம்பர் வந்தாலும் நான் கூப்பிட்டு வாயால படிச்சுக் காட்டுற வரைக்கும் ஒரு ரூபாய் அனுப்பாதீங்கன்னு. வாட்ஸப்பை ஹேக் பண்ணி "அந்த அக்கவுண்ட் வேணாம், இதுல போடு"ன்னு தம்பி எழுதுற மாதிரியே எழுதுவாங்க. துபாய்லருந்து போன பணத்தை நிறுத்தணும்னா அண்ணன்தான் அங்க இருக்குற பேங்க்ல உடனே ரீகால் (அனுப்பின பணத்தைத் திரும்ப எடுக்கறது) கேக்கணும், அங்க போலீஸ்லயும் புகார் கொடுக்கணும், நீங்க இங்க 1930க்கு கூப்பிடணும், ரெண்டும் ஒரே நேரத்துல.

அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. பணத்தை அண்ணனோட சொந்த என்ஆர்இ அக்கவுண்டுக்கு (வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய பேங்க்ல வைக்கிற கணக்கு) முதல்ல கொண்டு வரச் சொல்லுங்க, அங்கருந்து டிடி எடுத்து, சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல விக்கிறவர் கையெழுத்து போடுற அன்னிக்கு கொடுத்துடுங்க. அதுக்கு முன்னாடி வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, தாய்ப் பத்திரத்தைக் கேளுங்க, பட்டாவுல இருக்குற பேரும் விக்கிறவர் பேரும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. பவர் வாங்கினவர் விக்கிறார்னா, பவர் கொடுத்தவரையே நேர்ல பார்த்துப் பேசாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இன்னொண்ணு, இடம்னு எழுதியிருக்கீங்க, நஞ்சையா புஞ்சையா மனையான்னு எழுதலை. என்ஆர்ஐ ஒருத்தர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்துல அனுமதி இல்ல, வீட்டு மனை, வீடு வாங்கலாம். அம்பாசமுத்திரம் பக்கம்னா வயலா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, அதனால பணத்தை அசைக்கறதுக்கு முன்னாடி பட்டாவுல நில வகை என்னன்னு பார்த்துட்டு எனக்கு மறுபடி எழுதுங்க.